கன்னத்தில் ஒட்டும் ப்ராப்ரனோலால் மாத்திரை: கார்போபாலைக் கூட்டக் கூட்ட ஏன் முன்னதாகவே நழுவுகிறது?

கேள்வி
எழுதியவர்: மருந்தாக்க மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் எம்.ஃபார்ம். இரண்டாம் ஆண்டில் மருந்தாக்கவியல் படிக்கிறேன். கன்னத்தின் உட்புறச் சளிச்சவ்வில் ஒட்டிக்கொண்டு, ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை மருந்தைச் சிறிது சிறிதாக உள்ளே செலுத்தும் ப்ராப்ரனோலால் ஹைட்ரோகுளோரைடு (இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து) மாத்திரையை உருவாக்குவது என் ஆய்வேட்டின் பொருள். விழுங்கும் மாத்திரையாகக் கொடுக்கும்போது இம்மருந்தின் பெரும்பகுதி குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று, உடலெங்கும் பரவுவதற்கு முன்பே சிதைந்துவிடுகிறது. சுமார் 25 விழுக்காடுதான் மிஞ்சுகிறது. கன்னத்திலிருந்து திரும்பும் இரத்தமோ கழுத்துச் சிரை வழியாக இதயத்தை அடைவதால், கல்லீரலின் இந்த முதற்கடப்பு இழப்பைத் தவிர்க்கலாம் என்ற எண்ணத்தில்தான் இந்தப் பணியைத் தொடங்கினேன்.

மாத்திரையை 8 மி.மீ. விட்டமுள்ள தட்டைப் பஞ்சில் (தூளை மாத்திரையாக அழுத்தும் உலோக அச்சு) அழுத்துகிறேன். ஒட்டும் அடுக்கு 100 மி.கி.; அதில் மருந்து 20 மி.கி., எஞ்சியது கார்போபால் 934பி, ஹெச்.பி.எம்.சி. கே4எம் (இரண்டும் நீரில் ஊறிக் கூழாகும் பாலிமர்கள்), நிரப்பியாக மானிட்டால், உராய்வைக் குறைக்கச் சிறிது மெக்னீசியம் ஸ்டியரேட். அதன் முதுகில் மருந்து உமிழ்நீர்ப் பக்கம் கசியாமல் இருக்க நீரில் கரையாத எத்தில் செல்லுலோஸ் 50 மி.கி. பின்னடுக்காக வைத்திருக்கிறேன். கார்போபாலை 10, 20, 30, 40 மி.கி. என மாற்றி, அதற்கேற்ப ஹெச்.பி.எம்.சி.யைக் குறைத்து நான்கு தொகுதிகள் செய்தேன்.

தராசு முறையில் ஆட்டுக் கன்னச் சவ்விலிருந்து மாத்திரையைப் பிரிக்கத் தேவைப்பட்ட எடை, முதல் தொகுதியில் 17 கிராமாக இருந்து கடைசித் தொகுதியில் 31 கிராமாக உயர்ந்தது. ஆனால் சவ்வைக் கண்ணாடித் தகட்டில் பொருத்தி, மாத்திரையை ஒட்டி, சிதைவுச் சோதனைக் கருவியில் மேலும் கீழும் அசையவிட்டபோது, 10, 20 மி.கி. தொகுதிகள் ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றன, 40 மி.கி. தொகுதி மூன்றரை மணி நேரத்திலேயே நழுவி விழுந்தது. மேற்பரப்பு பிஹெச் முதல் தொகுதியில் 6.2, கடைசித் தொகுதியில் 4.8. எட்டு மணி நேர மருந்து வெளியேற்றமும் முதல் தொகுதியில் ஏறத்தாழ முழுமையாக இருக்க, கடைசித் தொகுதியில் 60 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

ஒட்டும் வலிமை மிகுந்த தொகுதியையே சிறந்ததாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று துறையில் சொல்கிறார்கள். அதிக வலிமையோடு ஒட்டுவது ஏன் முதலில் விழுகிறது என்பது புரியாமல் அந்த முடிவை எழுத எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1
எழுதியவர்: கலவைக்கூடம்

வணக்கம், சகோதரி. மாத்திரை உருவாக்கத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் இரண்டு சோதனைகளும் பொய் சொல்லவில்லை, அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. தராசுச் சோதனை, மாத்திரை சவ்வைத் தொட்ட முதல் சில நிமிடங்களில் உருவாகும் பிணைப்பைச் செங்குத்தாக இழுத்து அளக்கிறது. வாயிலோ நாக்கும் தாடையும் மாத்திரையைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன, அதுவும் மணிக்கணக்கில், மாத்திரை ஊறிக்கொண்டே இருக்கும்போது. உங்கள் மாத்திரைக்குச் சோதனை அந்த மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் வருகிறது.

கார்போபாலின் கார்பாக்சில் தொகுதிகள் சளியிலுள்ள மியூசினின் சர்க்கரைச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்படுத்துகின்றன. அப்படிப் பிணைய அவை அயனியாகாமல் இருக்க வேண்டும். கார்போபாலின் பிகேஏ (ஒரு பொருள் பாதி அயனியாகியிருக்கும் பிஹெச்) 6 அளவில் இருப்பதால், அமிலத்தன்மை கூடிய உங்கள் கடைசித் தொகுதி முதல் தொடுகையில் நன்றாகப் பிடிப்பது இயல்பே. ஆனால் அதே கார்போபால் நீரை வேகமாக உறிஞ்சி உப்பும். சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், பசையில் நீர் மிகுந்தால் தாள் சரியும் என்று. ஊறல் ஓர் எல்லை வரைதான் ஒட்டுதலுக்கு உதவும்; அதற்கு மேல் வெளிப்படலம் வெண்டைக்காய்ச் சாறு போல வழவழப்பாகி, பிணைப்பு சவ்வின் எல்லையில் அறுபடாமல் கூழின் உள்ளேயே அறுபடும். இதை நீங்களே உறுதி செய்யலாம். மாத்திரை விழுந்ததும் சவ்வின் மீது கூழ்ப்படலம் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒட்டுதல் தோற்கவில்லை, கூழின் உள்வலிமைதான் தோற்றிருக்கிறது.

இரண்டாவது காரணம் மருந்தே. ப்ராப்ரனோலால் ஒரு காரம். பிகேஏ சுமார் 9.4. வாயின் பிஹெச்சில் அது நேர்மின் அயனியாகவே இருக்கும், கார்போபாலோ எதிர்மின் தன்மையுடையது. இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டுப்பொருளாகக் கட்டிக்கொள்வதால் மருந்து எளிதில் வெளியேறுவதில்லை, மியூசினைப் பற்ற வேண்டிய கார்பாக்சில் தொகுதிகளும் மருந்தைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகின்றன. கடைசித் தொகுதியில் வெளியேற்றம் 60 விழுக்காட்டில் நின்றதற்கு, தடித்த கூழின் தடையோடு இதுவும் காரணமாக இருக்கலாம். இதைப் பிரித்தறிய, நான்கு தொகுதிகளையும் மருந்தில்லாமல், அதன் இடத்தில் மானிட்டால் வைத்துச் செய்து, ஒட்டுதலை ஒப்பிடுங்கள். பல ஆய்வேடுகளில் இந்த எளிய ஒப்பீடு இல்லாமல் இருப்பது எனக்கு எப்போதும் வருத்தமளிக்கிறது. மருந்துக்கும் பாலிமருக்கும் இடையே நடப்பதை அகச்சிவப்பு நிறமாலையில் மட்டும் தேடிவிட்டு, உலர்ந்த தூளில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஊடாட்டமே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். இந்த ஊடாட்டம் ஈரத்தில்தான் நடக்கிறது.

மூன்றாவதாக, 4.8 என்ற மேற்பரப்பு பிஹெச்சை வெறும் எரிச்சல் சார்ந்த செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கன்னத்தின் மேல்தோல் 40 முதல் 50 அடுக்குச் செல்களைக் கொண்டது. அதன் மேல் மூன்றிலொரு பகுதியில் செல்களுக்கிடையே நிறைந்திருக்கும் கொழுப்புப் பொருள்தான் முதன்மைத் தடை. அதைக் கடக்க அயனியாகாத மருந்தே வசதியானது. பிஹெச் 6.2இல் சுமார் 1,600 மூலக்கூறுகளில் ஒன்று அயனியாகாமல் இருக்கும், 4.8இல் சுமார் 40,000இல் ஒன்று. மேலெழுந்தவாரியான கணக்குதான், ஆனாலும் 25 மடங்கு வேறுபாடு. தராசில் நீங்கள் கூடுதலாகப் பெற்ற 14 கிராமுக்கு இதுதான் விலை. அமெரிக்காவில் 2006இல் ஒப்புதல் பெற்ற ஃபென்டோரா என்ற ஃபென்டனில் (கடும் வலிக்கான மருந்து) கன்ன மாத்திரையில் நுரைத்தெழும் கலவையைச் சேர்த்ததும் இதே சிக்கலுக்காகத்தான்: கரியமில வாயு கரையும்போது பிஹெச் இறங்கி மருந்து கரைய உதவுகிறது, வாயு வெளியேறியதும் பிஹெச் ஏறி மருந்து சவ்வுக்குள் நுழைய உதவுகிறது.

எனவே என் கருத்தில் 20 மி.கி. தொகுதியைச் சுற்றித்தான் நீங்கள் தேட வேண்டும். ஹெச்.பி.எம்.சி. மெதுவாக ஊறிக் கூழின் கட்டுக்கோப்பைக் காக்கும். கார்போபால் முதல் பிடிப்பைத் தரும். இன்னொன்று: 934பி வகையின் தயாரிப்பில் பென்சீன் கரைப்பானாகப் பயன்பட்டு வந்ததால், புதிய மருந்துகளுக்கு அதைத் தவிர்த்து 971பி, 974பி ஆகியவற்றையே நாடுகிறார்கள். பாலிமர்ச் சங்கிலிகளின் குறுக்குப்பிணைப்பில் 934பிக்கு நெருங்கியது 974பி. மாற்றினால் பெரிதாக எதையும் திருத்த வேண்டியிருக்காது.


பதில் 2
எழுதியவர்: சவ்வாய்வு

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். சவ்வைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் எண்களின் நம்பகத்தன்மை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆட்டுக் கன்னம் எங்கிருந்து, எந்த நிலையில் வந்தது என்று முதலில் பாருங்கள். நம் ஊர்க் கறிக்கடைகளில் தலையை மயிர் பொசுக்கத் தீயில் வாட்டித்தான் தருவார்கள். வாட்டிய தலையின் கன்னச் சவ்வு வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வெப்பத்தால் கெட்டிருக்கும். அதில் மருந்து ஊடுருவும் வேகம் உண்மையைவிட மிக அதிகமாகக் காட்டும். கடைக்காரரிடம் முந்தைய நாளே சொல்லிவைத்து, வெட்டியவுடன், வாட்டுவதற்கு முன் கன்னத்தைத் தனியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். பன்றிக் கன்னம் கிடைத்தால் இன்னும் நல்லது. தடிமனிலும் கெரட்டின் (தோலைக் கடினமாக்கும் புரதம்) இல்லாத அமைப்பிலும் அது மனிதக் கன்னத்தை நெருங்கியது. அங்கும் கொதிநீரில் முக்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். எலி, வெள்ளெலி ஆகியவற்றின் கன்னச் சவ்வில் கெரட்டின் படிந்திருப்பதால் அவற்றை ஒப்பீட்டுக்குக் கொள்ள முடியாது.

சவ்வைப் பனிக்கட்டியில் குளிர்வித்த கிரெப்ஸ் கரைசலில் (திசுவைக் கெடாமல் காக்கும் உப்புக் கரைசல்) கொண்டுவந்து, இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். அடியிலுள்ள கொழுப்பையும் தசையையும் நீக்காமல் ஊடுருவல் சோதனை செய்தால், கொழுப்பில் கரையும் ப்ராப்ரனோலால் அங்கேயே தங்கிவிடும். மருந்து கடக்கவில்லை என்று தவறாக முடிவு கட்ட நேரிடும். 60 பாகை செல்சியஸ் நீரில் ஓரிரு நிமிடம் வைத்தால் மேல்தோல் தனியே உரிந்து வரும். சோதனை முடிந்ததும் அதே சவ்வின் மீது ஃபீனால் ரெட் கரைசலை ஊற்றிப் பாருங்கள்; நல்ல சவ்வில் அந்தச் சாயம் கடக்காது. கடந்துவிட்டால் அந்த நாளின் எண்களை வருத்தப்படாமல் விட்டுவிடுங்கள்.

தராசுச் சோதனையில் மாத்திரையின் மேல் எவ்வளவு எடையை எவ்வளவு நேரம் வைத்து அழுத்தினீர்கள், எத்தனை துளி நீரால் நனைத்தீர்கள் என்பதைக் கேள்வியில் குறிப்பிடவில்லை. இவை மாறினால் 17 கிராம் 25 ஆகும், 31 கிராம் 20 ஆகும். ஒரு தொகுதியை ஓர் ஆட்டின் சவ்விலும் அடுத்த தொகுதியை இன்னோர் ஆட்டின் சவ்விலும் சோதித்திருந்தால், நீங்கள் அளந்த வேறுபாடு ஆடுகளுக்கு இடையே உள்ளதாகவும் இருக்கலாம். ஒரே கன்னத்திலிருந்து நான்கு துண்டுகள் எடுத்து, நான்கு தொகுதிகளையும் அன்றே சோதித்து, இதையே வேறு வேறு நாட்களில் திரும்பச் செய்யுங்கள்.


பதில் 3
எழுதியவர்: பல் மருத்துவர்

மருந்தாக்கம் என் துறை அன்று. மாத்திரையை வாயில் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கன்னத்தின் உட்புறத்தில், மேல்தாடை இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே பரோட்டிட் சுரப்பியின் நாளம் திறக்கிறது. உணவைக் கண்டாலே அங்கிருந்து உமிழ்நீர் பீறிடும். உங்கள் மாத்திரையை அதன் அருகில் ஒட்டினால், எவ்வளவு நல்ல பாலிமராக இருந்தாலும் ஊற்றின் வாயில் ஒட்டியதாகவே அமையும். விற்பனைக்கு வந்த ஒட்டுமாத்திரைகளின் அறிவுரைகளைப் படித்துப் பாருங்கள். வாய்ப்பூஞ்சைக்கான மைகோனசோல் 50 மி.கி. மாத்திரையான ஓராவிக் 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதைக் கோரைப் பல்லுக்கு மேலுள்ள ஈறுப் பள்ளத்தில் வைத்து, மேலுதட்டின் வெளியே விரலால் 30 விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். உதட்டுப்புண்ணுக்கான அசைக்ளோவிர் மாத்திரையான சிடாவிக்கும் அதே பள்ளத்தில்தான் வைக்கப்படுகிறது. அங்கே அசைவு குறைவு, உமிழ்நீர் ஓட்டமும் குறைவு.

ஆனால் இதை அப்படியே நீங்கள் பின்பற்ற முடியாது. அந்த இரண்டு மருந்துகளும் வாயிலேயே செயல்படுபவை. உமிழ்நீரில் கலந்தாலும் அவற்றுக்கு நன்மைதான். உங்கள் மருந்து இரத்தத்தை அடைய வேண்டும். ஈறு கெரட்டின் படிந்த, கடினமான பரப்பு. கன்னமும் உதட்டின் உட்புறமும் அப்படியல்ல. ஆகவே ஈறுப் பள்ளத்தில் வைப்பதாக இருந்தாலும், மருந்து வெளிவரும் முகம் கன்னத்தை நோக்கியும், எத்தில் செல்லுலோஸ் முகம் ஈற்றை நோக்கியும் இருக்க வேண்டும். நோயாளி இருட்டிலும் தவறாமல் வைக்கும்படி இரண்டு முகங்களுக்கும் நிறத்திலோ வடிவிலோ வேறுபாடு கொடுங்கள். முகம் மாறிவிட்டால் நீங்கள் செய்த பின்னடுக்கே மருந்தைத் தடுக்கும் சுவராகிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். ப்ராப்ரனோலாலுக்குத் தொட்ட இடத்தை மரத்துப்போகச் செய்யும் இயல்பு உண்டு. மரத்த கன்னத்தைக் கடித்துக்கொண்டு வரும் நோயாளிகளை நான் வேறு காரணங்களுக்காக அன்றாடம் பார்க்கிறேன். அடுத்து, மருந்தில்லாத மாத்திரையாக இருந்தாலும் நண்பர்களின் வாயில் ஒட்டிப் பார்க்க நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மருந்துள்ள மாத்திரையை, குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்கள், சுவைத்துப் பார்க்கவே கூடாது.


பதில் 4
எழுதியவர்: பஞ்ச் அறை

பின்னடுக்கைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஒட்டும் அடுக்கு ஊறி உப்பும். எத்தில் செல்லுலோஸ் உப்பாது. அதனால் சில மணி நேரத்தில் இரண்டும் விளிம்பிலிருந்து பிரியத் தொடங்கும். முதல் அடுக்கை மிக மெலிதாக மட்டும் அழுத்தி, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும்போதே இரண்டாவது தூளை இட்டு, இறுதி அழுத்தத்தை ஒருமுறை மட்டும் கொடுங்கள். முடிந்தால் ஓரங்களையும் மூடும் கிண்ண வடிவில் செய்யுங்கள், 8 மி.மீ. மாத்திரையில் பக்கச்சுவர் வழியாகக் கசியும் மருந்து சிறிதன்று. கார்போபால் காற்றின் ஈரத்தை விரைவாக வாங்கிக்கொள்ளும் என்பதால் மழைக்காலத்தில் பஞ்சில் ஒட்டும். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எடை போடாதீர்கள்.


பதில் 5
எழுதியவர்: மருந்தாக்க மாணவி

உங்கள் அனைவருக்கும் என் நன்றி. இந்த இரண்டு வாரங்களில், வாட்டாத தலையிலிருந்து எடுத்த கன்னத்தில், 20 கிராம் எடையை ஐந்து நிமிடம் வைத்தழுத்தும் ஒரே முறையில் எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். மருந்தில்லாத 40 மி.கி. தொகுதியைப் பிரிக்க 38 கிராம் தேவைப்பட்டது, மருந்துள்ளதற்கு 29 கிராம்தான். 10 மி.கி. தொகுதியில் இந்த வேறுபாடு கண்ணில் படும் அளவுக்கு இல்லை. நழுவி விழுந்த மாத்திரைக்குக் கீழே, கலவைக்கூடம் ஐயா சொன்னபடியே, சவ்வின் மீது கூழ்ப்படலம் தெளிவாக எஞ்சியிருந்தது. ஆகவே 20 மி.கி. தொகுதியை எடுத்துக்கொண்டு ஊடுருவல் ஆய்வுக்குச் செல்லலாம் என்று நினைக்கிறேன். எவ்வளவு மருந்து கடந்தால் போதுமானது என்று கொள்ள வேண்டும்? படித்த ஆய்வேடுகளில் கடந்த அளவை விழுக்காட்டில் மட்டுமே கொடுத்திருக்கிறார்கள்.


பதில் 6
எழுதியவர்: கலவைக்கூடம்

நீங்கள் கேட்டிருப்பது பணி தொடங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலானோர் கடைசி வரை கேட்பதில்லை. விழுக்காடு இங்கே பயன்படாது. தேவையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

ப்ராப்ரனோலால் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் அளவில் இருந்தால் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தத் தொடங்கும் என்று கொள்வோம். உடல் இம்மருந்தை வெளியேற்றும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 லிட்டர், அதாவது மணிக்கு 60 லிட்டர். இரண்டையும் பெருக்கினால் மணிக்கு 1.2 மி.கி. மருந்து இரத்தத்துக்குள் வந்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் மாத்திரையின் ஒட்டும் பரப்பு சுமார் 0.5 சதுர செ.மீ. தான். எனவே ஒரு சதுர செ.மீ. வழியாக மணிக்கு 2.4 மி.கி. கடக்க வேண்டும். இது பெரிய எண். ஃப்ரான்ஸ் கலத்தில் (மேல் அறைக்கும் கீழுள்ள ஏற்கும் அறைக்கும் நடுவே சவ்வைப் பொருத்தும் கருவி) நீங்கள் அளக்கும் பாய்வை, அதாவது ஒரு சதுர செ.மீ. வழியாக மணிக்குக் கடக்கும் மருந்தை, இதோடு ஒப்பிடுங்கள், நெருங்கினால் மகிழ்ச்சி. பத்திலொரு பங்குதான் வருகிறதென்றால், ஒட்டும் வலிமையை இரட்டிப்பாக்கினாலும், எட்டு மணி நேரம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. மாத்திரையைப் பெரிதாக்கவும் வழியில்லை, 8 மி.மீ. விட்டத்துக்கும் 2, 3 மி.மீ. தடிமனுக்கும் வெகுவாக மேற்பட்டதைப் பேசும்போதும் உண்ணும்போதும் பலர் வாயில் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உண்மையில் நிலைத்து நின்ற கன்ன மாத்திரைகளைப் பார்த்தால் இந்தக் கணக்கின் நியாயம் தெரியும். 1980களில் ஜப்பானில் நகாய், மசீதா ஆகியோரின் ஆய்விலிருந்து வந்த ஆஃப்டாக், வாய்ப்புண்ணுக்கான இரட்டை அடுக்கு மாத்திரை. கார்போபாலும் ஹைட்ராக்சிப்ரொப்பில் செல்லுலோஸும் சேர்ந்த அடுக்கில் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து வெறும் 25 மைக்ரோகிராம். ஃபென்டோராவின் அளவும் மைக்ரோகிராமில்தான். வாந்தியைத் தடுக்கும் ப்ரோகுளோர்பெரசினின் கன்ன மாத்திரை 3 மி.கி. சிறிய அளவிலேயே வேலை செய்யும் மருந்துகளைத்தான் இந்தச் சிறிய பரப்பு தாங்கும்.

ஆய்வின்போது மூன்று இடங்களிலும் மருந்தை அளந்து கூட்டிப் பாருங்கள்: ஏற்கும் அறையில் கடந்தது, சவ்வில் தங்கியது, மாத்திரையிலும் மேல் அறையிலும் எஞ்சியது. மேல் அறையில் ஓரிரு மில்லிலிட்டருக்கு மேல் திரவம் வேண்டாம். வாயில் எந்த நேரமும் இருக்கும் உமிழ்நீர் ஒரு மில்லிலிட்டர் அளவுதான், கரைசல் சோதனைக் கருவியின் 900 மில்லிலிட்டர் அல்ல. அந்த மேல் அறைத் திரவத்தில் மருந்து சேர்ந்தால், அவ்வளவும் நோயாளி விழுங்கிவிடும் பங்கு. அது மறுபடியும் கல்லீரல் வழியேதான் போகும். உங்கள் பின்னடுக்கு வேலை செய்கிறதா என்பதை அந்த எண் ஒன்றே சொல்லிவிடும்.


பதில் 7
எழுதியவர்: மருந்தாக்க மாணவி

புரிந்தது, ஐயா. 20 மி.கி. தொகுதியை 974பி கொண்டு, கிண்ண வடிவப் பின்னடுக்குடன் ஒருமுறையும், பின்னடுக்கே இல்லாமல் ஒருமுறையும் செய்து, இரண்டையும் உரித்த மேல்தோலில் சோதிக்கப் போகிறேன். 2.4 என்ற இலக்கை ஆய்வேட்டின் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். கிடைக்கும் பாய்வு அதற்கு எட்டாவிட்டாலும் அந்த எண்ணை இதே இழையில் பதிகிறேன்.